கோரைக்கு ஊற்றிய தண்ணீர்

நாள் முழுக்கக் கம்பெனியில் தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிவிட்டு அவள் மூன்றாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தபோது, மாமனார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் இப்படி வாசலுக்கு வந்து நின்று எத்தனையோ நாள் ஆகிவிட்டது. மகன் இறந்த பிறகு அவருக்கு நாற்காலியே கதியாகியிருந்தது.

"அம்மாடி, பையை அப்பறமா வெச்சுக்கலாம். நேரா பால்கனிக்கு வா. மொட்டு வந்திருக்கு!"

பையோடு அவர் பின்னால் போனாள்.

பால்கனி மூலையில் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குள் கையை விட்டு, நீண்ட இலைத் தாள்களை விலக்கி, ஒரு தண்டின் உச்சியை விரலால் வருடிக் காட்டினார். "தொட்டுப் பாரு. அவன் வெச்ச சம்பங்கி."

அவள் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது. உச்சியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கதிர்கள் விரிந்திருந்தன. களையாக முளைத்த கோரைப்புல் பூத்திருந்தது.

அந்தத் தொட்டியில் சம்பங்கிக் கிழங்குகளைப் புதைத்தவன் அவள் கணவன். அடுத்த வாரமே அவன் படுத்துவிட்டான். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த காலத்தில் தொட்டிப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு, மாமனார் ஒருநாள் சொம்பில் தண்ணீர் மொண்டுபோய் ஊற்றினார். பிறகு காலையும் மாலையும் ஊற்றினார். பச்சை வந்தது. தூரத்துப் பார்வைக்குச் சம்பங்கித் தாளும் கோரைத் தாளும் அண்ணன் தம்பி மாதிரி. கண்புரை விழுந்த மாமனாருக்கோ எல்லாமே பச்சைப் புகை. "அவன் வெச்சது வந்துடுச்சும்மா" என்று சொன்ன அன்றைக்குத்தான் அவர் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அந்தத் தட்டைக் கழுவும்போது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். அந்த நாளை வரவே இல்லை.

அவள் சும்மாவும் இருந்துவிடவில்லை. அவர் எழுந்திருப்பதற்கு முன்னால், நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு தொட்டியின் முன் குந்துவாள். கோரையைப் பிடுங்கக் கூடாது என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். மண்ணுக்கடியில் அது மணி கோத்த மாதிரி கிழங்கு கிழங்காக ஓடும். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், இல்லாவிட்டால் நல்ல செடியின் வேரையும் சேர்த்து அறுத்துக்கொண்டு வரும். மண்ணோடு மண்ணாக வெட்டிவிட வேண்டும். முளைக்க முளைக்க வெட்டினால் ஒரு கட்டத்தில் கிழங்கு சோர்ந்துபோகும். அவளும் நாலு தாள், ஐந்து தாள் என்று அவருக்குத் தெரியாத அளவுக்கு வெட்டி வந்தாள். அடியில் சம்பங்கி ஏதாவது உயிரோடு இருந்தால் மூச்சு விடட்டும் என்று. ஆனால் கோரை சோர்வதற்கு முன்னால் அவள் சோர்ந்துபோனாள்.

"உன் நாத்தனாருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன்" என்றார் மாமனார். "ஞாயித்துக்கிழமை வர்றா. தம்பி வெச்ச பூவைப் பாக்கணுமாம். போன்லயே அழுதுட்டா."

நாத்தனாருக்குக் கண் நன்றாகத் தெரியும். வாய்க்குப் பூட்டும் கிடையாது. உள்ளே வந்ததும் வராததுமாக, 'என்னப்பா இது, புல்லைப் போய் வளத்துட்டிருக்கீங்க?' என்று கேட்பாள். அதை அவர் மகள் வாயிலிருந்து கேட்கக் கூடாது.

அவள் பால்கனி நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

"டீ போட்டுத் தரட்டுமா?" என்றார்.

"வேண்டாம் மாமா. உக்காருங்க. இது சம்பங்கி இல்ல. கோரை."

"எது?"

"எல்லாமே."

மாமனார் காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எதைச் சொன்னாலும் பதிலுக்கு ஒன்று வைத்திருப்பார். இதற்கும் வந்தது.

"அப்போ டிக்கெட் எடுக்காதவனை எல்லாம் ஜன்னல் சீட்ல உக்கார வெச்சு, குடிக்கத் தண்ணியும் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லேருந்தே."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"நீங்க சாப்பிட ஆரம்பிச்சீங்க."

அவர் எழுந்தார். தொட்டியை நோக்கிக் குனிந்து, ஒரு கைப்பிடித் தாளைக் கொத்தாகப் பற்றினார்.

"மாமா, இழுக்காதீங்க!"

இழுத்துவிட்டார். பாதித் தொட்டி மண் கையோடு பெயர்ந்து வந்தது. அந்த மண்கட்டியில், அறுந்த வேர்களுக்கு நடுவே, சின்ன வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு தொங்கியது. அதன் உச்சியில் வெளுத்த முளை.

"கையில என்னமோ தட்டுப்படுதே. என்ன வந்துச்சு?"

கோரைக் கிழங்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இன்னொரு பொய்யைத் தூக்கிச் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை.

"சம்பங்கி மாமா. முளை விட்டிருக்கு."

அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "கொன்னுட்டேனா?"

"இல்ல. வேர்தான் கொஞ்சம் அறுந்திருக்கு. குடுங்க."

பழைய போர்வை ஒன்றை விரித்து, தொட்டியை அதில் கவிழ்த்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து மண்ணை உதிர்த்தார்கள். அவருக்குக் கண் உதவவில்லை, விரல் உதவியது. பைக்குள் கையை விட்டுச் சில்லறையைப் பார்க்காமலே எடுத்த விரல். கெட்டியாக, நூலில் கோத்த மாதிரி வந்தால் கோரை. அதை ஒரு டப்பாவில் போட்டார். செதில் செதிலாக இருந்தால் அவளிடம் நீட்டினார். சில கிழங்குகள் கை பட்டதும் கூழாகின.

"அழுகிப்போச்சா?"

"ம்."

"நான் ஊத்தின தண்ணி."

"ஆமா மாமா."

அதைப் பூசி மெழுகிச் சொல்ல அவளுக்கு வரவில்லை. அவர் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டியை எடுத்தார்.

மூன்று கிழங்குகள் தேறின. அவற்றை மறுபடி புதைத்து, மேலே கை அளவு தண்ணீர் தெளித்தாள்.

"கோரை அவ்வளவுதானே? எல்லாத்தையும் பொறுக்கிட்டோமில்ல?"

"எல்லாத்தையும் பொறுக்க முடியாது. ரெண்டு வாரத்துல தலை காட்டும். வெட்டிட்டே இருக்கணும்."

"பூ?"

"இந்த வருஷம் சந்தேகம்தான்."

அவர் தலையாட்டினார். சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். போனில் அவர் குரல் கேட்டது.

"நான்தான்டி. பூ இல்ல... ஆமா, பொய்தான். என் கண்ணு லட்சணம்தான் உனக்குத் தெரியுமே, புல்லைப் பாத்துட்டுப் பூன்னு குதிச்சுட்டேன்... சிரிச்சுக்கோ, பரவால்ல. மூணு கிழங்கு இருக்கு, வந்து மண்ணைப் பாத்துட்டுப் போ." கொஞ்சம் நிறுத்தினார். "அவளா? அவளை ஒண்ணும் கேக்காத. காலைல போனா ராத்திரி வர்றா, தொட்டியில இருக்கறது பூவா புல்லான்னு அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் அவகிட்ட எதுவும் சொல்லல."

கை கழுவ எழுந்திருக்க முடியாமல், நகக்கண்ணில் மண்ணோடு, அவள் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.