புரட்டாசிச் சனி

எங்கள் ஏலத்தோட்ட வீட்டில் தங்க வந்த ஏலியா, கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குப் போன யூதக் குடும்பத்துப் பிள்ளை. அம்மாவிடம் கற்ற மலையாளத்தில்தான் என்னோடு பேசுவார், சேச்சி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அவருடைய ஃபோன் மழையில் நனைந்து நாலு நாளாகச் செத்துக் கிடந்தது. அன்று காலை ஆள் குறைவு என்று தெரிந்ததும், தானாகவே வந்து என்னோடு ஏலக்காய் பறித்தார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் முட்டை கேட்டார்.

"இன்னைக்குப் புரட்டாசிச் சனி. எங்க வீட்ல கவுச்சி கெடையாது" என்றேன். அதில் நான் ரொம்பக் கறார்.

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. வெள்ளி என்று நினைத்திருக்கிறார். சனிக்கிழமை செடியிலிருந்து எதையும் பறிப்பது அவர்கள் மதத்தில் பாவமாம்.

"தெரியாமத்தான செஞ்சீக. இதுல என்ன பாவம்?"

"என்ன கிழமைன்னு கேட்டிருக்கலாம், கேக்கலை. அதுக்கும் மன்னிப்புக் கேக்கணும்" என்றார் மெதுவாக. "சேச்சிகிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க."

நான் ரசத்தை ஊற்றினேன். போன சனிக்கிழமை முழுக்க அவர் லைட் சுவிட்சைக்கூடத் தொடாமல் இருந்தார். ஏன் என்று அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டவள் நான். இன்று காலை அவர் கூடையைத் தூக்கியபோது எனக்குக் கிழமை தெரியும்.