அசையாத அவையில் ஒரு ரகசியச் சாவி

1

மனித குலத்தின் எல்லா ரகசியங்களும் காற்றில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

இந்த வாக்கியத்தைச் சிதம்பரத்திலிருந்து கடலூர் திரும்பும் பேருந்தில், ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதினேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் எனக்கே அலுத்துவிட்டது. கதை பிறந்தது காற்றில் அல்ல, ஒரு கல்லூரிக் கருத்தரங்க அறையில். அன்று மதியம் அங்கே இருந்தேன்.

2

மேரி ஷாலினியின் விழிகளில் மின்காந்த அலைகள்

(அடித்துவிட்டேன். அவள் விழிகளில் இருந்தது தூக்கமின்மை.)

கடலூர் முதுநகர்ப் பெண். ஆறு வருடமாக முனைவர் பட்ட ஆய்வு. அவளிடம் தீப்பெட்டி அளவில் இரண்டு கருவிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தான் பேட்டரி. அவை ரகசியம் பேச இரண்டிடமும் ஒரே சாவி வேண்டும். சாவியை அனுப்பினால் எவனாவது ஒட்டுக்கேட்பான். பெரிய கணக்குப் போட்டால் பேட்டரி தாங்காது. எனவே இரண்டும் மாறி மாறிச் சிக்னல் அனுப்பி, அதன் ஏற்ற இறக்கத்தைக் குறித்துக்கொள்கின்றன. ஏறினால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். இடையிலுள்ள வழி ஒன்றே என்பதால் இரண்டுக்கும் ஒரே எண்வரிசை; அதுதான் சாவி. தள்ளி நிற்பவனுக்கு வேறு.*

முதுநகர் மீன் ஏலத்தில் கூடையும் ஆளும் குறுக்கே போக வர, சிக்னல் ஏறி இறங்கி, சாவி ஒரே நிமிடத்தில் விழுந்ததாம்.

* இதை எனக்குப் புரியவைக்க அவளுக்கு மூன்று டீ செலவானது.

3

வெளியூர்த் தேர்வாளர் முன்னால் சாவி விழுந்தால் பட்டம். விழாவிட்டால் இன்னொரு வருடம். நெறியாளர் வைத்திலிங்கம் அதை விழாவாக்கினார்: குத்துவிளக்கு, சால்வை, சிறப்பு விருந்தினராக ஓர் எழுத்தாளர். அவர் பேசி முடிப்பதற்குள் திரையில் சாவி தயாராக வேண்டும். ஒரு கருவி மேடையில், மற்றது கடைசி வரிசையில்.

"யாரும் அசையக் கூடாது" என்று மைக்கில் அறிவித்தார் வைத்திலிங்கம். மின்விசிறிகளும் நின்றன. நூற்றிருபது பேர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் போல ஆனார்கள். உரை தொடங்கியது.

திரையில் சுழியம், சுழியம், சுழியம்.

"என்னம்மா, வரிசையா முட்ட போடுது?" மேடையோரம் கிசுகிசுத்தார் வைத்திலிங்கம்.

"யாராச்சும் குறுக்க நடக்கணும் சார். எல்லாரும் செலயாட்டம் உக்காந்திருந்தா எங்கேர்ந்து வரும்?"

"சீஃப் கெஸ்ட் பேசும்போது குறுக்க நடக்கறதா? அவரு கோச்சுக்குவாரும்மா."

"எனக்கு ஒரு வருஷம் போயிடும் சார்."

வாசலில் டீத்தட்டோடு கேன்டீன் இருசம்மாள். "சார், டீ ஆறுது. உள்ள வரட்டா?"

"ஐயா பேசுறாருல்ல. வெளியவே நில்லும்மா."

"நானு நிப்பேன். டீ நிக்காது."

4

முடிவு அ: இருசம்மாள் யாரையும் கேட்காமல் வரிசை வரிசையாக நடக்கிறார். கப்புக்குக் கைகள் நீள்கின்றன. திரையில் ஒன்று, சுழியம், ஒன்று, ஒன்று. (அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகம்.)

முடிவு ஆ: ஷாலினியே மேடைக்கும் வாசலுக்கும் இடையே ஓட

(நின்றுவிட்டது. விழாவுக்காகப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.)

முடிவு இ: தேர்வாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றரைக்கு ரயில். "நெக்ஸ்ட் இயர் பாத்துக்கலாம்மா."

ஷாலினிக்கு எதைக் கொடுப்பது என்பதை உங்களிடம் விடுகிறேன். எனக்கு அந்த உரிமை இல்லை. காரணம் கீழே.

5

ஒரு திருத்தம். "யாரும் அசையக் கூடாது" என்று சொன்னது வைத்திலிங்கம் அல்ல. அவர் தலையில் நான் கட்டியது அது. சொன்னவர் சிறப்பு விருந்தினர். தாள்கள் பறக்கின்றன என்று மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னவரும் அவரே. பதினெட்டுப் பக்க உரை.

அந்தச் சிறப்பு விருந்தினர் நான்.

உரையின் தலைப்பு 'இயக்கமே வாழ்வு'.