குழந்தை உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

விசாலாக்ஷி மெழுகுவர்த்தியை ஏற்றியிருக்கிறாளே தவிர, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்ததில்லை. இப்போது மாதுங்கா வீட்டுப் பால்கனியில் கரியடுப்பின் முன் உட்கார்ந்து, எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளை உருக்கிக்கொண்டிருந்தாள். சமையலறையில் உருக்க மனம் வரவில்லை. மெழுகில் மிருகக் கொழுப்பு கலந்திருக்குமோ? கலந்திருந்தால் தொடலாமோ? யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்து கொடுத்தவள் தாராவி மிக்கேலம்மாள். சென்ற வருஷம் ஆடி மாதம், டாக்டர் வர முடியாத பேய்மழையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து விசாலாக்ஷிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. பிறந்த குழந்தை வெகுநேரம் அழவில்லை. அப்போது மிக்கேலம்மாள் பாந்த்ரா மலைமேல் இருக்கும் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள்: இந்தப் பிள்ளை எழுந்து நின்றால், அதன் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி.

குழந்தை ஷ்யாமளா இப்போது நிற்கிறாள், நடக்கிறாள். மிக்கேலம்மாள்தான் சேற்றில் வழுக்கிக் கால் முறிந்து படுத்திருக்கிறாள். யுத்தத்தினால் திருவிழாக் கடைகளில் சாண் அளவு மெழுகுவர்த்திக்கு மேல் கிடையாது.

“நாளையோட திருநாள் முடியுதும்மா. மாதாகிட்ட சொன்ன சொல்லு அப்படியே நிக்கி. எனக்கு ஒறக்கமே இல்ல, பாத்துக்கிடுங்க” என்றாள் மிக்கேலம்மாள், பார்க்கப் போன விசாலாக்ஷியிடம்.

“நான் பண்ணி எடுத்துண்டு போறேன்” என்று விசாலாக்ஷி சொல்லிவிட்டாள். திரும்பி வரும் வழியில்தான் பயம் பிடித்தது. நேர்ந்துகொண்டது தன் குழந்தைக்காக. அளவில் குறைந்தால் குழந்தைக்கு ஏதாவது வந்துவிடுமோ?

அச்சுக்கு அவள் எடுத்தது மூங்கில் புட்டுக்குழல். மெழுகை மேலே ஊற்றினாள். கீழே வழிந்து கால் விரலைச் சுட்டது.

“விசாலம், அடியில இருக்கிற ஓட்டைச் சில்லை அடைக்காம ஊத்தினா? புட்டுன்னு நினைச்சுண்டுட்டியா?” என்று சிரித்தார் அவள் கணவர் அனந்தகிருஷ்ணன். ரயில்வே ஆபீசிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“சிரிக்காதேங்கோ. நேக்கு ஒண்ணுமே புரியலை.”

சில்லை எடுத்துவிட்டு, துளசித் தொட்டி மண்ணைக் குழைத்து அடியை அடைத்தாள். தினமும் விளக்குக்குச் செய்வது போலப் பஞ்சைத் திரித்து, நல்லெண்ணெயில் தோய்த்து, நடுவில் தொங்கவிட்டு ஊற்றினாள். ஆறியபின் கோலால் தள்ளினாள். மெழுகு வந்தது. திரியைப் பிடித்துத் தூக்கினாள்; திரி மட்டும் கையோடு வந்தது.

“எண்ணெய்த் திரியில மெழுகு ஒட்டலையோ என்னமோ” என்றார் அவர். இப்போது சிரிக்கவில்லை.

“பின்னே எதைத்தான் போடறது? எண்ணெயில்லாம எப்படி எரியும்? கடையில வாங்கறதுல எண்ணெய் இருக்கோ, இல்லையோ?”

அவர் பூஜை அலமாரியைத் திறந்து, பூணூலுக்காகத் தக்களியில் தானே நூற்று வைத்திருந்த நூலைக் கொண்டுவந்தார்.

“இதையா? ஏன்னா, இது அதுக்குன்னு நூத்ததாச்சே!”

“பருத்தி நூல்தானே? தப்பா ரைட்டான்னு கேக்காதே, நேக்குத் தெரியாது. அந்த மிக்கேலம்மா அன்னிக்கு மழையில வரச்சே ஏதாவது கேட்டாளா?”

நூலை முறுக்கி உலர்ந்தபடியே கட்டினார்கள். மறுபடி உருக்கி, ஒரு குழல் ஊற்றி, ஆறியதும் அடி மண்ணை எடுத்துப் பாதிக்கு மேல் கீழே தள்ளி, அதன் தலையிலேயே மறுபடி ஊற்றினார்கள். நூல் அறுபடாமல் மேலே ஓடியது. விடிவதற்குள் கரும்பு போலக் கணுக்கணுவாக, சற்றே கோணலாக ஒன்று எழுந்து நின்றது. அதோடு மெழுகு தீர்ந்துவிட்டது.

குழந்தையைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். இரண்டு விரற்கடை குறைந்தது.

“குழந்தை நுனிக்கால்ல நிக்கறாளோ என்னமோ” என்றார் அவர்.

“இல்லையே.”

“முடியை அழுத்திப் பாரு.”

“அழுத்தினாலும் ரெண்டு விரல்தான்.”

தெய்வம் அளவு பார்ப்பதில்லை என்று சொல்வது சுலபம். சொல்லைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு இரண்டு விரற்கடை சின்ன விஷயம் அல்ல. மிக்கேலம்மாளிடம் போய்ச் சொல்லலாமா, அவள் கலங்குவாளா, சொல்லாமல் கொண்டுபோனால் பொய்யாகுமா? தீர்மானிக்க முடியாமலேயே விசாலாக்ஷி குழந்தையை இடுப்பிலும் மெழுகுவர்த்தியைத் துணியில் சுற்றித் தோளிலுமாகப் பாந்த்ரா போய்ச் சேர்ந்தாள்.

மாதா கோயில் படியில் குழந்தையை இறக்கி நிறுத்தி, மறுபடி அளந்தாள். வழியில் மெழுகா வளர்ந்திருக்கும்? ஆனாலும் அளந்தாள்.

கையில் சின்ன மெழுகுவர்த்திகளோடு ஏறி வந்த மீன்காரக் கோலிப் பெண்ணொருத்தி நின்று பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள், மெழுகைப் பார்த்தாள், விசாலாக்ஷியின் கண்ணைப் பார்த்தாள்.

“கம் படா க்யா?” குறைகிறதா என்று விரலால் காட்டினாள்.

விசாலாக்ஷி தலையசைத்தாள். கோலிப் பெண் தன்னிடமிருந்த மெழுகுவர்த்தி ஒன்றைப் பல்லால் கடித்து உடைத்து, அங்கே எரிந்துகொண்டிருந்த சுடரில் அடியைக் காட்டி இளக்கி, கோணல் மெழுகின் உச்சியில் அழுத்தி வைத்தாள். பிறகு தானே குழந்தையை அதன் அருகே இழுத்து நிறுத்தினாள். இப்போது மெழுகுவர்த்தி இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தது.

“அய்யோ, ஜாஸ்தி ஆயிடுத்தே!” என்று விசாலாக்ஷி தமிழிலேயே பதறினாள்.

அந்தப் பெண் சிரித்தாள். குழந்தையின் தலைமேல் உள்ளங்கையை வைத்து, மெல்ல மேலே உயர்த்திக் காட்டினாள். “படீ ஹோயேகி நா!” வளரத்தானே போகிறாள்!

சொல்லிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் கூட்டத்தில் போய்விட்டாள்.

விசாலாக்ஷி மெழுகை ஏற்றி நிறுத்தினாள். முதலில் படபடவென்று துடித்து, பிறகு நின்று எரிந்தது. எந்த ஸ்லோகம் சொல்வது என்று தெரியவில்லை. கைகூப்பிக்கொண்டு, பக்கத்து வீட்டில் பட்சணம் கொடுக்கிறவளைப் போலச் சொன்னாள்:

“தாராவி மிக்கேலம்மா அனுப்பிச்சது. கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு.”