முதல் பதிப்பின் இரண்டாம் பாகம்

வெள்ளைக்காரர்கள் காடுமேடெல்லாம் அலைந்து பறவை, பூச்சி பற்றி எழுதிய பயண நூல்களின் முதல் பதிப்புகளைச் சேர்ப்பவர் ஸ்ரீரங்கம் தங்கையன். வெகுநாள் தேடிய நூல் கிடைத்துவிட்டதாகத் தெப்பக்குளம் பழைய புத்தகக் கடை பரக்கத் அலி சொல்லியனுப்பியதும் பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் வாங்கிப் பார்த்தால் முதல் பாகம் மட்டும் இருந்தது.

"பாய், ரெண்டாம் பாகம் எங்கே?"

"நீங்கதானே எப்பவும் முதல், முதல்னு கேப்பீங்க. ரெண்டாவதைப் பழைய பேப்பரோட எடைக்குக் கட்டிட்டேன்."

"நான் கேக்குறது முதல் தடவை அச்சடிச்சது பாய். ரெண்டு பாகமும் சேர்ந்தாத்தான் அது முழு நூல்."

பேச்சுச் சத்தம் கேட்டு, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து அலியின் மனைவி கமர் ஜஹான் அந்த இரண்டாம் பாகத்தோடு வந்தார். "கட்டைப் பிரிச்சு நான்தான் எடுத்து வச்சேன் அண்ணே. உள்ளே பட்டாம்பூச்சிப் படமா இருந்துச்சு. தலையணை உறையில அதைப் பார்த்துத்தான் பூவேலை போடுறேன். ஒரு தாளும் கிழிக்கலை."

தங்கையன் புரட்டிப் பார்த்தார். ஒரு படமும் குறையவில்லை. "நீ இல்லேன்னா இந்நேரம் இது கடலைப் பொட்டலம் ஆயிருக்கும்மா. பூவேலை முடியிற வரைக்கும் உன்கிட்டேயே இருக்கட்டும்."

"முதல் பாகத்தையாவது எடுத்துட்டுப் போங்க," என்றார் அலி.

"வேணாம் பாய். இனிமே ரெண்டையும் பிரிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, தங்கையன் வெறுங்கையோடு, நிறைந்த மனதோடு பஸ் ஏறினார்.