பதினேழாவது கியூபிட்

சிங்கப்பூருக்குப் பக்கத்து ஊரான ஸ்கூடாயில் புதிதாக முளைத்த தனியார் ஆராய்ச்சிக் கூடத்தில், டாக்டர் லக்ஷ்மன் தன் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேச மேடையேறுவதற்கு முன்பே சுபத்திரா முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாள். அவர் விழுவதைக் கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும் அவளுக்கு.

இரண்டு வருடம் அவரிடம் மாடாய் உழைத்தவள். குவாண்டம் கணினியின் மீக்கடத்தி சிப்பில், தகவலைத் தாங்கும் அலகுகளான கியூபிட்டுகளைச் சங்கிலியாகக் கோத்து, இடவியல் நிலை என்ற விசித்திரமான பொருள்நிலையை அதில் உண்டாக்கிக் காட்டினாள். அந்த நிலையில் சங்கிலியின் நடுப்பகுதி எல்லாம் கலைந்துபோகும். நுனிகள் இரண்டும் மட்டும், பூஜ்யமோ ஒன்றோ, கொடுத்ததை மறக்காமல் வைத்திருக்கும். கட்டுரை வெளிவந்தபோது லக்ஷ்மன் பெயர் மட்டும்தான் இருந்தது. போய்க் கேட்டாள். "நீ வெறும் கோடிங்தானேம்மா செஞ்ச," என்றார். அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மனிதர் செய்தது அது மட்டுமா? கட்டுரை எழுதும் முன்பே, நிரலில் அவள் பெயர் இருந்த குறிப்புகளை எல்லாம் தேடித் தேடி அழித்திருந்தார். 'பதினேழாவது கியூபிட் பழுது. எதைக் கொடுத்தாலும் ஒன்று என்றே காட்டும். தொடாதீர்கள். சுபத்திரா' என்ற குறிப்பும் அதில் போயிற்று. பிறகு பெரிதாகக் காட்டும் ஆசையில் சங்கிலியை நீட்டினார். நுனி பதினேழில் போய் நின்றது. ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்த்ததால் எல்லாம் சரியாக வந்தது போலத் தெரிந்தது; அதையே கட்டுரையாக்கிவிட்டார். கட்டுரையைப் படித்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். எதற்குச் சொல்ல வேண்டும்? எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை.

கேள்வி நேரம் வந்ததும் எழுந்து, சபைக்கெல்லாம் புரிய ஆங்கிலத்தில் கேட்டாள்: நுனியில் பூஜ்யம் வைத்து ஓட்டிப் பார்த்தீர்களா?

லக்ஷ்மன் மேடை ஓரத்துக்கு வந்து தமிழுக்குத் தாவினார். "அப்புறம் பேசலாம் லா சுபத்திரா. சிங்கப்பூர்ல இருந்து பணம் போடுற ஆளுங்க வந்திருக்காங்க."

"அவங்களும் பார்க்கட்டும் டாக்டர்."

சிங்கப்பூர்க்காரர்களுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. இப்போதே ஓட்டுங்கள் என்றார்கள். வேறு வழியில்லாமல் பூஜ்யம் கொடுத்து ஓட்டினார். திரையில் 'ஒன்று' என்றே வந்தது. மறுபடி ஓட்டினார். மறுபடியும் ஒன்று. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சுபத்திராவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

லக்ஷ்மன் மைக்கைப் பிடித்தார். இந்த நிரல் முழுவதையும் எழுதியது என் மாணவி சுபத்திரா, தவறு அவளுடையது என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். ஊரறிய அவர் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சுபத்திரா மேடையேறி, கட்டுரையின் முதல் பக்கத்தை அவரிடம் நீட்டினாள்.

"இதுல என் பேர் எங்க இருக்கு, காட்டுங்க டாக்டர்."

அவர் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை.