குவாரி வெடிதான்

மல்லாங்கிணறுக்குத் தெற்கே ஒரு கல்குவாரியில் செல்வக்குமார் டிப்பர் ஓட்டினான். வெடி வைக்கிற நாளில் அவன் வீட்டுச் சன்னல் சடசடக்கும். கல்யாணமான புதிதில் மாரீஸ்வரி பயந்து எழுந்து ஓடுவாள். "வெடிதான்டி, உக்காரு" என்று அவன்தான் பழக்கினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் காரியாபட்டியில் கிடாய் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏங்க, வீடு ஒரு ஆட்டு ஆடிருச்சு. பூகம்பம்ங்கிறா பிரியா. கேஸை அடைச்சிட்டு வெளிய போயிருவோம்னு கைய பிடிச்சு இழுக்குறா. என்ன செய்ய?"

மகள் சத்யபிரியா பத்தாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பூகம்ப ஒத்திகை நடந்த அன்றைக்கே, பீரோ மேலிருக்கும் அண்டாவை இறக்கச் சொன்னாள். "நம்மூருக்கு மழையே வரல, பூகம்பம் வரப்போகுதாக்கும்" என்று அவன் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது. போனைக் காதில் வைத்திருக்கும்போதே அது அவன் நினைப்பில் வந்தது. ஆனால் கிடாய்க்கு விலை பேச இன்னொரு ஆள் வந்து நின்றுவிட்டான்.

"குவாரி வெடிதான். போயி சோத்த வடி."

கால் மணி நேரத்தில் அவன் காலடியிலேயே தரை ஆடியது. கடைகளிலிருந்து சனம் ரோட்டுக்கு ஓடிவந்தது. மாரீஸ்வரிக்குப் போன் போகவில்லை. வண்டியை எடுத்துப் பறந்தான்.

வீட்டில் அவள் தரையில் கிடந்தாள். ஆட்டம் தொடங்கியதும் கட்டிலுக்கடியில் புகுந்த பிரியா, "தலையப் பொத்திக்கிட்டு இங்க வாம்மா" என்று கத்தியிருக்கிறாள். அடுப்படியிலிருந்து வந்தவள் மீது அண்டா விழுந்துவிட்டது. தோள் எலும்பு முறிவு.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாரீஸ்வரி ஒன்றையே சொன்னாள். "நாந்தான் குவாரி வெடின்னு நெனச்சு இருந்துட்டேன்."

ஒவ்வொரு தடவையும் அவன் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே போனான். பிரியா அவனை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் மாரீஸ்வரியின் அண்ணன் நல்லமுத்து வந்தார். அவரிடமும் அவள் அதையே சொல்ல, அவனால் பொறுக்க முடியவில்லை.

"இல்ல மச்சான். நாந்தான் சொன்னேன். ஞாயித்துக்கெழம வெடி இல்லன்னு தெரிஞ்சே சொன்னேன்."

நல்லமுத்து எழுந்து போய்விட்டார்.

"தெரிஞ்சேவா?" என்றாள் மாரீஸ்வரி. அதுவரை அவன் தெரியாமல் சொன்னான் என்றே நம்பியிருந்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீடு திரும்பிய பிறகும் பேசவில்லை. அவன் மேலே இருந்த பாத்திரங்களை எல்லாம் தரைக்கு இறக்கினான். பீரோவை இரும்புப்பட்டை அடித்துச் சுவரோடு பிணைத்தான். பிறகு மகளிடம் போய் நின்றான். "எனக்கும் சொல்லிக் குடும்மா."

"ஆடும்போது ஓடக்கூடாது. கட்டிலுக்கடியில போயி கட்டில் காலைப் பிடிச்சுக்கணும். நின்னதும் கேஸை மூடிட்டு, மூணு பேரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்துரணும். செஞ்சு காட்டுங்க."

நாற்பது வயசு ஆள் குப்புற ஊர்ந்து உள்ளே போனான். தூசியில் முகத்தைப் புதைத்துக் கிடந்தபோது, அன்றைக்கு இந்த இடத்தில் இருந்துகொண்டு மகள் கத்திய கத்தல் அவன் காதில் கேட்பதுபோலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

கையில் கட்டோடு வாசற்படியில் நின்ற மாரீஸ்வரி, நாலு நாளில் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

"முட்டி வெளிய நிக்கிது. இன்னும் உள்ள போங்க."