பிரேக் இல்லாத படகு

அந்த ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். மீதிப் பாதி, அவரிடம் இரண்டு நாள் வந்துவிட்டுத் தலைதெறிக்க ஓடியவர்கள். கற்றுக்கொடுப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் அவருடைய வலது காலில்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதன் மேல் அந்தக் கால் இருபத்தெட்டு வருஷமாகக் குடியிருந்தது. எறும்பு குறுக்கே போனாலும் மிதிக்கும். தியேட்டரில் திரையில் ஒரு லாரி வேகமாக வந்தால் முன்சீட்டுக்காரரின் முதுகில் மிதிக்கும். பல் டாக்டரின் நாற்காலியில் மிதித்து, டாக்டரின் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கிவிட்டது ஒரு தடவை.

அவர் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். கல்யாணமான மூன்றாம் நாள் அவளுக்கு வண்டி கற்றுத்தருகிறேன் என்று ஆசையாக அழைத்துப்போனார். "சாவியே போடல. அதுக்குள்ள பிரேக் போட்டாரு" என்று இருபத்திரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சரி, நானே ஓட்டுகிறேன், நீ சும்மா உட்கார் என்றார். உட்கார்ந்தாள். "இப்ப எதுக்கு மூணாவது கியர் போட்டேன், சொல்லு பாப்போம்" என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கியவள்தான். அன்றிலிருந்து அவர் ஓட்டும் வண்டியில் ஏறியதில்லை. ஏதாவது விசேஷம் என்றால் அவள் பஸ்ஸில் போவாள். மாஸ்டர் அதே பஸ்ஸின் பின்னால் காரில் தனியாகப் போவார். சிக்னலில் பஸ் நின்றால் ஜன்னல் வழியாக அவள் கை காட்டுவாள்.

மாஸ்டருக்கு இது உள்ளுக்குள் வலித்தது. பெரிய ஆசையெல்லாம் இல்லை அவருக்கு. பெண்டாட்டி ஒரே ஒரு தடவை தன்னோடு ஒரே வண்டியில் ஏறி, போகிற இடம்வரை வந்து, ஒன்றாக இறங்க வேண்டும். அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போதுதான், வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கும் ஒருவர் வாசலில் "படகு விற்பனைக்கு" என்று அட்டை தொங்கவிட்டிருந்ததைப் பார்த்தார். இரண்டு பேர் உட்காரும் சின்னத் துடுப்புப் படகு. பச்சைப் பெயிண்ட், அதற்குள் நீலப் பெயிண்ட், அதற்கும் உள்ளே ஏதோ ஒரு பெயிண்ட். விலையைக் கேட்டார். டிரைவிங் ஸ்கூல் காருக்கு இரண்டு டயர் மாற்றினால் அதைவிட அதிகம் ஆகும்.

மாஸ்டர் அதைப் பழைய கார் பார்ப்பதுபோலவே பார்த்தார். குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று தேடினார். பக்கவாட்டில் தட்டினார்.

"எத்தன கிலோமீட்டர் ஓடிருக்கு?"

"கிலோமீட்டர் எல்லாம் தெரியாதுங்க. ஏரியில சும்மா சுத்திட்டு வரும்" என்றார் டைல்ஸ்காரர். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. நடுவுல பலக கொஞ்சம் மெல்லிசு. உக்காரலாம், கால நீட்டிக்கலாம். அழுத்தி மிதிக்க மட்டும் கூடாது."

மாஸ்டர் தலையாட்டினார். மனம் அங்கே இல்லை. இதில் பிரேக் இல்லை, கியர் இல்லை, சண்டை போட ஒன்றுமே இல்லை என்ற நினைப்பில் தலைகால் புரியாமல் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

"பிரேக் இருக்கா?"

"இல்ல."

"கியர்?"

"அதுவும் இல்ல."

அவள் காபியைத் திரும்பக் கையில் எடுத்தாள். "சரி, வரேன். ஆனா நான்தான் ஓட்டுவேன். நீங்க வாயத் திறக்கக் கூடாது. ஒரு வார்த்த பேசினாலும் எறங்கி நடந்து போயிடுவேன்."

"தண்ணியில எப்படி நடப்ப?"

"பாத்தீங்களா, இப்பவே ஆரம்பிச்சிட்டீங்க."

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். பேச்சு வாயைப் பற்றித்தான் நடந்தது. காலைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞாயிறு வரை அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பழக்க தோஷத்தில் படகின் முன்னாலும் பின்னாலும் சிவப்பில் 'எல்' போர்டு ஒட்டினார். துடுப்புப் போடுகிறவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும் என்று தெரிந்தபோது ஆடிப்போனார். பின்னால் பார்த்துக்கொண்டு முன்னால் போவதா? இதற்கு எந்த மடையன் லைசென்ஸ் கொடுத்தான்? அவளுக்கு வழி தெரிய வேண்டுமே என்று ஒரு பழைய காரின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிப் படகின் விளிம்பில் திருகி வைத்தார்.

ஞாயிறு காலை அவர் படகை ஸ்கூல் காரின் கூரையில் கட்டி ஏரிக்குப் போனார். அவள் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள்.

ஏரி பெரிதாக ஆழமில்லை. நடுவில் ஒரு நடைபாலம், அதைத் தாங்கிக் கான்கிரீட் தூண்கள். அவள் ஏறி நடுவில் உட்கார்ந்து துடுப்புகளைப் பிடித்தாள். அவர் பின்பக்கம் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். படகு கிளம்பியது. எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கால் முழங்காலில் இடிக்க, இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனார்கள். மாஸ்டருக்குச் சந்தோஷத்தில் தொண்டை அடைத்தது. பேசக் கூடாது என்பதால் அது நல்லதாகவும் போயிற்று.

பாதி தூரம் போனதும் அவள் கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கண்ணாடி யாருக்கு மாட்டினது?"

மாஸ்டர் அப்போதுதான் கவனித்தார். இருபத்தெட்டு வருஷமாகத் தனக்கென்று கண்ணாடி திருப்பிவைத்தே பழகிய கை, இதையும் தனக்கே திருப்பி வைத்திருந்தது. அவருக்குப் பின்னால் விட்டுவந்த தண்ணீர் துல்லியமாகத் தெரிந்தது. பின்னால் லாரி ஏதும் வரவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணாடியின் கறுப்பு முதுகுதான்.

கண்ணாடியைத் திருப்பக் கையை நீட்டினார். படகு ஆடியது.

"சும்மா உக்காருங்க. நானே பாத்துக்கறேன்" என்று அவள் ஓங்கித் துடுப்புப் போட்டாள். தினமும் கண்ணாடிச் சட்டங்களை வளைத்து நிமிர்த்திய கை, நல்ல வலு. படகு பறந்தது, பாலத்தின் மூன்றாவது தூணை நோக்கி.

அவள் முதுகுக்குப் பின்னால் தூண் பெரிதாகிக்கொண்டே வந்தது. மாஸ்டருக்கு நாக்கு துடித்தது. பேசினால் அவள் இறங்கிவிடுவாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் ஏறியிருக்கிறாள். பல்லைக் கடித்தார். கண்ணை உருட்டினார். புருவத்தால் தூணைக் காட்டினார்.

"என்ன, வயித்த வலிக்குதா?" என்று கேட்டுவிட்டு அவள் இன்னொரு தடவை இழுத்தாள்.

வாய் வாக்கைக் காப்பாற்றியது. கால் மிதித்தது.

மெல்லிசுப் பலகை படாரென்று உடைந்து, ஷூவோடு கால் முழங்கால் வரை உள்ளே போனது. பாலத்துக்குக் கீழே தண்ணீர் குறைவு. கால் சேற்றில் ஊன்றியது. படகு ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. தூணுக்கும் படகுக்கும் இடையில் சரியாக ஒரு சாண்.

அவள் திரும்பித் தூணைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"என்ன பண்ணீங்க?"

மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை.

"பேசலாம், சொல்லுங்க."

"பிரேக் போட்டேன்."

"போட்ல பிரேக் இல்லன்னு சொன்னீங்க."

"இப்ப இருக்கு."

காலைச் சுற்றித் தண்ணீர் கொப்பளித்தது. மாஸ்டர் வெட்கத்தோடு காலை இழுக்கப் பார்த்தார். இழுத்தவுடன் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது.

"எடுக்காதீங்க" என்று அவள் கத்தினாள். "அமுக்குங்க. நல்லா அமுக்கிப் பிடிங்க."

மாஸ்டர் தன் காதையே நம்பவில்லை. காலை எடுங்க மாஸ்டர், காலை எடுங்க மாஸ்டர் என்று எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள். அமுக்கச் சொல்லி இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அவர் மனதார அமுக்கினார். அவள் தன் துண்டைக் காலைச் சுற்றித் திணித்தாள். அவர் டிபன் டப்பா மூடியால் தண்ணீரை மொண்டு ஊற்றினார். அவள் ஓங்கித் துடுப்புப் போட்டதில் அவர் பாதம் சேற்றிலிருந்து விடுபட்டு, படகு திரும்பியது.

"எனக்குப் பின்னாடி தெரியல. எடமா, வலமான்னு நீங்கதான் சொல்லணும்."

"பேசலாமா?"

"பேசாம இருந்தா முழுகிடுவோம்."

அவர் சொன்னார், அவள் திருப்பினாள். எதற்கு இடது என்று அவர் அவளைக் கேட்கவில்லை. கரை வந்தபோது படகில் பாதி தண்ணீர். இரண்டு பேரும் நனைந்த துணிபோல ஒன்றாக இறங்கினார்கள்.

மாஸ்டரின் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ஊன்றவே முடியவில்லை. படகைக் கவிழ்த்துக் கரையிலேயே விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டு கார் வரை வந்தார்.

"இந்தக் காலோட ஓட்ட முடியாது. ஸ்கூல்ல யாரையாவது வரச் சொல்றேன். நீ பஸ்ஸுல போயிடு" என்றார். சொல்லும்போதே அழுகை வந்தது.

அவள் கைப்பைக்குள் துழாவி ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். லைசென்ஸ். அவள் படம், அவள் பெயர். பதினொரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

மாஸ்டர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "எங்க கத்துக்கிட்ட?"

"எதிர்த் தெரு ஸ்கூல்ல."

தன் சொந்த எதிரியிடம். "எத்தனாவது தடவ பாஸான?"

"மொதல் தடவ. அந்த மாஸ்டரம்மா பக்கத்துல உக்காந்து குறுக்கெழுத்துப் போட்டுட்டு இருப்பாங்க."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீங்க டெஸ்ட் வைப்பீங்க. உங்கமேல எனக்குப் பயம் இல்லங்க. உங்க கால் மேலதான் பயம்." சாவிக்குக் கையை நீட்டினாள். "இன்னிக்கு அதுக்கு லீவு. ஏறுங்க."

மாஸ்டர் தன் வழக்கமான சீட்டில் ஏறி, ஈரத் துண்டு சுற்றிய காலை ஓரமாக நீட்டிவைத்தார். அவள் கிளம்பினாள். கண்ணாடியை முதலில் தனக்குத் திருப்பிக்கொண்டாள்.

வளைவில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. மாஸ்டரின் கால் துள்ளி, வலியில் சுருண்டது. அவர் கீழே பார்த்தார். அவருடைய பிரேக் தானாகவே கீழே போயிற்று. இரண்டு பிரேக்கும் ஒரே கம்பியில் இணைந்தவை, ஓட்டுகிறவர் மிதித்தால் இதுவும் இறங்கும். அதை அவர் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறார். கால் எப்போதும் அதன் மேலேயே இருந்ததால், அது இறங்குவதைக் கண்ணால் பார்த்ததில்லை. நாய் போனதும் பிரேக் மெதுவாக மேலே வந்தது.

சிக்னலில் பக்கத்தில் அவளுடைய பஸ் வந்து நின்றது. மாஸ்டர் அதைப் பார்க்கவில்லை. குனிந்தே இருந்தார்.

"கீழ என்னத்தப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் மாஸ்டர். "நீ ஓட்டு."